அமெரிக்காவின் எரிவாயுக் குழாய் மாற்று மானியம்: ஒரு பயனாளியின் மதிப்புரை

அமெரிக்காவில் நகராட்சிகளும் ஊர்ப் பொது அமைப்புகளும் நடத்தும் எரிவாயு வழங்கு நிறுவனங்கள், மண்ணுக்கடியில் நலிந்து கிடக்கும் தம் குழாய்களை மாற்றிக்கொள்வதற்கென்று கூட்டரசு ஆண்டுக்கு 20 கோடி டாலர் ஒதுக்கிவருகிறது. 2021 நவம்பரில் கையெழுத்தான உட்கட்டமைப்புச் சட்டத்தில் ஐந்து நிதியாண்டுகளுக்கு மொத்தம் 100 கோடி டாலராக வகுக்கப்பட்ட இந்த மானியத்தை, போக்குவரத்துத் துறையின் கீழுள்ள குழாய்வழி மற்றும் அபாயப் பொருள் பாதுகாப்பு நிர்வாகம், அதாவது இத்தொழிலில் இருப்பவர்கள் ‘பிம்சா’ என்று சுருக்கி அழைக்கும் அலுவலகம், விண்ணப்பங்களைப் பரிசீலித்து வழங்குகிறது. நான் குடியிருக்கும் கிழக்குக் கரையோரத்துப் பழைய ஊரிலும் இந்தப் பணத்தில் வேலை நடந்தது. என் வீட்டு வாசலிலேயே பள்ளம் தோண்டினார்கள். அரசு மானியத்தைக் கொள்கையாக ஆராயும் கட்டுரைகள் நிறைய உண்டு. ஆனால் அது கடைசியில் ஒரு வீட்டு வாசலில் வந்து நிற்கும் சேவைதான் என்பதால், மற்ற எந்தச் சேவையையும் போலவே அதையும் எடைபோடலாம் என்று கருதி இதை எழுதுகிறேன். என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: யாருக்குக் கொடுக்க வேண்டும் என்பதில் இத்திட்டம் நன்றாக யோசித்திருக்கிறது, கொடுத்ததால் விளைந்த பயனை எதைக்கொண்டு அளப்பது என்பதில் தடுமாறுகிறது.

சமையல் எரிவாயு என்றால் சிலிண்டரும் அதற்கான முன்பதிவும் என்று பழகியவர்களுக்கு இங்குள்ள ஏற்பாட்டைச் சற்று விளக்க வேண்டும். இந்நாட்டின் தெருக்களுக்கடியில் 13 லட்சம் மைலுக்கும் மேலான நீளத்துக்கு எரிவாயுப் பிரதான குழாய்கள் ஓடுகின்றன. அவற்றிலிருந்து பிரியும் கிளைக்குழாய்கள் வீடுகளுக்குள் நுழைந்து, அடுப்பையும் வெந்நீர்க் கொதிகலனையும், பனிக்காலத்தில் வீட்டைச் சூடேற்றும் உலையையும் எரியவைக்கின்றன. இவற்றில் பெரும்பகுதி இப்போது பாலிஎத்திலீன் அல்லது பூச்சிட்ட எஃகுக் குழாய்களே. ஆனால் நியூ ஜெர்சி, நியூ யார்க், மாசசூசெட்ஸ், பென்சில்வேனியா, மிச்சிகன் போன்ற மாநிலங்களின் பழைய நகரங்களில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் புதைத்த வார்ப்பிரும்புக் குழாய்கள் இன்றும் வேலை செய்கின்றன. அவை முதலில் இயற்கை எரிவாயுவுக்காகப் போடப்பட்டவையே அல்ல. நிலக்கரியைச் சுட்டு எடுத்த ஈரப்பதமுள்ள வாயு அவற்றில் ஓடியது. குழாயின் ஒரு முனையை அடுத்ததன் அகன்ற வாய்க்குள் செருகி, இடைவெளியில் சணலைத் திணித்து, அதன்மேல் ஈயத்தை உருக்கி ஊற்றி மூட்டுகளை அடைத்தார்கள். வாயுவின் ஈரம் சணலை ஊறவைத்துக்கொண்டிருந்த வரையில் மூட்டு இறுக்கமாக இருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய ஆண்டுகளில் நெடுந்தொலைவுக் குழாய்வழியே உலர்ந்த இயற்கை எரிவாயு வந்து சேர்ந்தபோது சணல் காய்ந்து சுருங்கியது. மூட்டுக்கு மூட்டு கசிவு தொடங்கியது. இன்னொரு பக்கம், ஈரமண்ணில் நெடுங்காலம் கிடக்கும் வார்ப்பிரும்பிலிருந்து இரும்பு மெல்ல மெல்லக் கரைந்துபோக, எஞ்சும் கிராஃபைட் குழாயின் வடிவத்தை மட்டும் காத்து நிற்கிறது. பார்வைக்கு முழுக் குழாய். கத்தியால் சுரண்டினால் உதிரும். அந்த நிலையில், கடுங்குளிரில் மண் உறைந்து மேலெழும்பும்போது ஏற்படும் வளைவைத் தாங்கமாட்டாமல் அது குறுக்கே முறிகிறது. வாயுக் கசிவுச் செய்திகள் சனவரி, பிப்ரவரி மாதங்களில் பெருகுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பூச்சில்லாத எஃகுக் குழாய்கள் துருப்பிடித்து ஓட்டையாகின்றன. 1960களிலும் 70களிலும் புதைத்த முதல் தலைமுறை பிளாஸ்டிக் குழாய்களில் சில வகைகள் நாளடைவில் விரிசல் விடுகின்றன. வார்ப்பிரும்போடு சேர்த்து இவை மூன்றையும்தான் ‘கசியும் இயல்புடைய குழாய்’ என்று சட்டம் வகைப்படுத்துகிறது.

இது வெறும் பராமரிப்புப் பிரச்சினை அல்ல என்பதை நாடு உயிர்களைக் கொடுத்துத் தெரிந்துகொண்டது. 2011 பிப்ரவரியில் பென்சில்வேனியாவின் ஆலன்டவுன் நகரில் ஒரு வார்ப்பிரும்புப் பிரதான குழாய் முறிந்து நிகழ்ந்த வெடிப்பில் ஐந்து பேர் இறந்தார்கள். 2019 டிசம்பரில் தென் பிலடெல்பியாவின் வரிசை வீடுகளுக்கிடையே நிகழ்ந்த வெடிப்பில் இருவர் இறந்தார்கள். இரண்டு இடங்களிலும் முறிந்தவை 1928ஆம் ஆண்டில் புதைக்கப்பட்ட குழாய்கள். ஆலன்டவுனுக்கு ஐந்து மாதங்களுக்கு முன்னர் கலிபோர்னியாவின் சான் புரூனோவில் நெடுந்தொலைவு உயரழுத்தக் குழாய் ஒன்று வெடித்து எட்டுப் பேர் மாண்டிருந்ததால், 2011இல் அன்றைய போக்குவரத்துத் துறைச் செயலர் ரே லாஹுட் பழைய குழாய்களை விரைந்து மாற்றும்படி குழாய்வழி நிறுவனங்களுக்கும் மாநிலங்களுக்கும் அழைப்பு விடுத்தார். அழைப்பு விடுத்தாரே தவிர, அதோடு பணம் எதுவும் வரவில்லை. பணம் வருவதற்கு மேலும் பத்தாண்டுகள் ஆயின.

இனி, மானியம் யாருக்கு என்ற கேள்வி. இலாப நோக்குள்ள நிறுவனங்களுக்கு இதில் ஒரு டாலர்கூடக் கிடையாது. நகராட்சிக்கோ ஊர்ச் சமூகத்துக்கோ சொந்தமான அமைப்புகள் மட்டுமே விண்ணப்பிக்கலாம். முதலில் இதைப் படித்தபோது எனக்கு இது ஓரவஞ்சனையாகத் தோன்றியது. ஏனென்றால் மிச்சமிருக்கும் வார்ப்பிரும்புக் குழாய்களில் பெரும்பகுதி தனியார் நிறுவனங்களிடமே இருக்கிறது. ஆனால் தனியார் நிறுவனத்தின் கணக்கு எப்படி நடக்கிறது என்பதைப் பார்த்தால் சட்டம் இயற்றியவர்களின் நியாயம் புலப்படும். தனியார் எரிவாயு நிறுவனம் குழாய்க்காகச் செலவிடும் மூலதனத்தின்மீது, மாநில ஒழுங்காற்று ஆணையம் அனுமதிக்கும் விகிதத்தில் இலாபம் ஈட்ட உரிமை பெற்றிருக்கிறது. பழைய குழாயை மாற்றுவது அதற்குச் சுமையல்ல, வருமானம். சிகாகோவில் நடந்தது இதற்குச் சான்று: அங்கே தனியார் நிறுவனம் மேற்கொண்ட குழாய் மாற்றுத் திட்டத்தின் மதிப்பீடு பல நூறு கோடி டாலர்களாக ஏறிக்கொண்டே போய், மக்களின் மாதாந்தரக் கட்டணத்தில் அது கனத்த பிறகு, 2023 நவம்பரில் இலினாய் மாநில ஆணையமே அத்திட்டத்தை நிறுத்திவைத்து மறுஆய்வு செய்ய வேண்டியதாயிற்று. நகராட்சி நிறுவனத்துக்கோ பங்குதாரர்கள் இல்லை, இலாபமும் இல்லை. கடன் பத்திரம் வெளியிட வேண்டும், அல்லது கட்டணத்தை உயர்த்த வேண்டும். உயர்த்தினால் அதைச் செலுத்த வேண்டியவர்கள் பெரும்பாலும் வருவாய் குறைந்த ஊர்க்காரர்கள்.

நாட்டின் மிகப் பெரிய நகராட்சி எரிவாயு நிறுவனமான பிலடெல்பியா கேஸ் வொர்க்ஸையே எடுத்துக்கொள்ளலாம். 1836இல் தெருவிளக்குகளை எரிக்கத் தொடங்கி இன்று ஏறத்தாழ 5 லட்சம் வாடிக்கையாளர்களுக்கு எரிவாயு வழங்கும் அந்நிறுவனம், குடிமக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் வறுமைக்கோட்டுக்குக் கீழே வாழும் நகரத்தில் இயங்குகிறது. குழாய் மேம்பாட்டுக்கென்று பில்லில் 7.5 விழுக்காடு வரை தனிக் கட்டணம் சேர்க்க மாநில ஆணையம் அதை அனுமதித்திருக்கிறது. அந்தக் கட்டணத்தைக் கொண்டு மட்டும் நூற்றாண்டு காலக் குழாய்களை மாற்றி முடிக்க வேண்டுமானால் இன்னும் பல பத்தாண்டுகள் ஆகும். மறுமுனையில், இந்நாட்டில் ஏறத்தாழ ஆயிரம் ஊர்கள் தத்தம் எரிவாயு அமைப்பைத் தாமே நடத்துகின்றன. அவற்றில் பல, சில ஆயிரம் இணைப்புகளே உள்ள சிற்றூர்கள். அத்தகைய ஊருக்கு ஒரே ஒரு தெருவின் குழாயை மாற்றும் செலவே ஓராண்டு வரவுசெலவை விழுங்கிவிடும். இந்த இரு தரப்பாரையும் மனத்தில் வைத்தே சட்டம், எந்த ஒரு நிறுவனமும் மொத்த நிதியில் 12.5 விழுக்காட்டுக்கு மேல் பெறக்கூடாது என்று வரம்பு கட்டியது. ஊர் தன் பங்காகப் பணம் போட வேண்டும் என்ற நிபந்தனையையும் விதிக்கவில்லை. கூட்டரசு மானியங்களில் இணைப்பங்கு கேட்காத மானியம் அரிது. எனக்குத் தெரிந்து பல ஊர்கள் நல்ல திட்டங்களை அந்த இணைப்பங்குக்குப் பணம் இல்லாத காரணத்தினாலேயே கைவிட்டிருக்கின்றன. ஆகவே தகுதி விதிகளைப் பொறுத்தவரை இத்திட்டத்துக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன்.

விண்ணப்பிக்கும் முறைக்கு அவ்வளவு கொடுக்க முடியாது. பணம் அறிவிக்கப்படுவதற்கும் மண்வெட்டி மண்ணில் படுவதற்கும் இடையே நீண்ட தூரம் இருக்கிறது. 2023 ஏப்ரலில் அறிவித்த முதல் சுற்றில் 19 மாநிலங்களின் 37 திட்டங்களுக்கு 19.6 கோடி டாலர் வழங்கப்பட்டது. ஆண்டு ஒதுக்கீடான 20 கோடியில் நிர்வாகச் செலவுக்கென 2 விழுக்காட்டைக் கழித்தது போக மீதியே இந்தத் தொகை. அறிவிப்புக்குப் பிறகு ஒவ்வொரு திட்டத்துக்கும் சுற்றுச்சூழல் ஆய்வு முடிய வேண்டும். நாடு முழுமைக்குமான பொது ஆய்வு ஒன்றை பிம்சா முன்னரே தயாரித்து, அதன்கீழ் இடத்துக்கு இடம் சுருக்கமான ஆய்வு செய்தால் போதும் என்று ஆக்கியது பாராட்டத்தக்க ஏற்பாடுதான். அது இல்லாவிட்டால் தாமதம் இன்னும் கூடியிருக்கும். அதன் பிறகு, எஃகும் பிளாஸ்டிக்கும் உள்நாட்டில் உற்பத்தியானவையாக இருக்க வேண்டும் என்ற கொள்முதல் விதியை நிறைவு செய்ய வேண்டும். பெரிய நகரத்தில் இவற்றுக்கெல்லாம் தனித்தனி அலுவலர்கள் இருப்பார்கள். சிற்றூரில் தண்ணீர், கழிவுநீர், எரிவாயு மூன்றையும் கவனிக்கும் ஒரே மேற்பார்வையாளர் இரவில் உட்கார்ந்து படிவம் நிரப்ப வேண்டும். அல்லது ஆலோசனை நிறுவனத்துக்குக் கட்டணம் கொடுக்க வேண்டும். கிராமப்புற, பின்தங்கிய பகுதிகளுக்கு முன்னுரிமை என்று சட்டம் சொல்கிறது. படிவத்தின் கனமோ அவர்களையே முதலில் தளரச்செய்கிறது.

தெருவில் நடந்த வேலையைப் பற்றிச் சொல்ல எனக்குப் பெரும்பாலும் நல்ல வார்த்தைகளே உள்ளன. முதலில் கதவில் ஒரு அறிவிப்பு மாட்டப்பட்டது. எந்த வாரத்தில் தோண்டுவார்கள், எப்போது எரிவாயு நிறுத்தப்படும், வீட்டில் யாரேனும் பெரியவர் இருக்க வேண்டுமா என்பவை அதில் தெளிவாக இருந்தன. சில நாள்களில் நடைபாதையிலும் சாலையிலும் வண்ணக் கோடுகள் தோன்றின: எரிவாயுவுக்கு மஞ்சள், தண்ணீருக்கு நீலம், மின்கம்பிக்குச் சிவப்பு. தோண்டுமுன் 811 என்ற எண்ணுக்குச் சொல்லி, பூமிக்கடியில் இருப்பவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும் என்பது இந்நாட்டு விதி.

நான் எதிர்பார்த்தது தெரு முழுவதும் நீண்ட அகழி. நடந்தது வேறு. தெருவின் இரு முனைகளிலும் ஒவ்வொரு வீட்டுக்கு எதிரிலும் மட்டும் சிறு குழிகள் தோண்டி, பழைய வார்ப்பிரும்புக் குழாயின் வயிற்றுக்குள்ளேயே அதைவிடச் சிறிய பாலிஎத்திலீன் குழாயைச் செருகி இழுத்துவிட்டார்கள். விட்டம் குறைந்தாலும் அழுத்தம் கூடுவதால் வாயு போதுமான அளவு கிடைக்கிறது. பழைய அமைப்பில் தெருக்குழாயின் அழுத்தமும் அடுப்புக்கு வந்த அழுத்தமும் ஏறத்தாழ ஒன்றுதான். புதிய அமைப்பில் ஒவ்வொரு வீட்டுக்கும் அழுத்தத்தைக் குறைத்துத் தரும் ரெகுலேட்டர் ஒன்று தேவை. அது மீட்டரோடு வீட்டுக்கு வெளியே பொருத்தப்படுகிறது. நிலவறையில் ஒட்டடை படிந்து கிடந்த மீட்டர் சுவருக்கு வெளியே வந்தது அழகுக்கு உதவவில்லை என்று பக்கத்து வீட்டு அம்மாள் குறைப்பட்டுக்கொண்டார். கசிவு ஏற்பட்டால் அது வீட்டுக்குள் தேங்காமல் காற்றில் கலந்து போகும் என்று பணியாளர் பொறுமையாக விளக்கியதை நானும் நின்று கேட்டேன். வீட்டு இணைப்பில், குழாய் எங்கேனும் அறுந்து வாயு திடீரெனப் பெருகிப் பாய்ந்தால் தானாக மூடிக்கொள்ளும் வால்வையும் வைக்கிறார்கள். பிளாஸ்டிக்கைக் கருவிகள் கண்டறியா என்பதால் குழாயோடு ஒரு கம்பியையும் சேர்த்துப் புதைக்கிறார்கள். பிற்காலத்தில் தோண்ட வருபவருக்கு அது வழிகாட்டும்.

எரிவாயு நிறுத்தப்பட்ட அன்றே மாலைக்குள் திரும்ப வந்தது. பணியாளர் ஒருவர் உள்ளே வந்து, ஒவ்வொரு கருவியையும் தானே பற்றவைத்துச் சோதித்து, கசிவு இல்லை என்று உறுதிசெய்த பிறகே கையெழுத்து வாங்கினார். என் வெந்நீர்க் கொதிகலனின் புகைபோக்கி இணைப்பு தளர்ந்திருந்ததைச் சுட்டிக்காட்டியவரும் அவரே. அது அவருடைய வேலை அல்ல. இதற்கெல்லாம் என் பில்லில் தனியாக எதுவும் சேரவில்லை.

குறை சாலையில் இருந்தது. குழிகளைத் தற்காலிகத் தாரால் மூடிவிட்டுப் போனவர்கள் பனிக்காலம் முழுவதும் திரும்பவில்லை. பனி அகற்றும் வண்டியின் தகடு பட்டு அந்தத் தார் ஒட்டுகள் பெயர்ந்து, மிதிவண்டிக்காரர்கள் இரவில் தடுமாறும் பள்ளங்களாயின. எரிவாயு அலுவலகம் ஒப்பந்ததாரரைக் காட்டியது, ஒப்பந்ததாரர் நகரின் சாலைப் பிரிவைக் காட்டினார், சாலைப் பிரிவு வெப்பம் ஏறினால்தான் நிரந்தரத் தார் போட முடியும் என்றது. கடைசியாகச் சொன்ன காரணம் உண்மைதான். ஆனால் அதை முதல் அறிவிப்பிலேயே ஒரு வரியில் எழுதியிருக்கலாம்.

இனி, எனக்கு இத்திட்டத்தோடு உள்ள அடிப்படை மனத்தாங்கலுக்கு வருகிறேன். முதல் சுற்று அறிவிப்பில் இரண்டு எண்கள் முன்னிறுத்தப்பட்டன: ஏறத்தாழ 270 மைல் குழாய் சீரமைக்கப்படும், அதனால் ஆண்டுக்கு ஏறத்தாழ 212 மெட்ரிக் டன் மீத்தேன் கசிவு குறையும். முதல் எண்ணைக் கொண்டு வகுத்தால் மைலுக்கு 7 லட்சத்து 26 ஆயிரம் டாலர் ஆகிறது. இந்த விலைக்கே மீதிச் சுற்றுகளும் நடந்தன என்று வைத்துக்கொண்டாலும், ஐந்தாண்டு முடிவில் மாறியிருக்கும் நீளம் 1,350 மைல் அளவில்தான் இருக்கும். அதாவது நாட்டின் பிரதான குழாய்களில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இரண்டாம் எண்ணை வகுத்தால் நிலைமை இன்னும் சங்கடமானது. புதிய குழாய் 40 ஆண்டுகள் உழைக்கும் என்று எடுத்துக்கொண்டால், தடுக்கப்படும் ஒவ்வொரு டன் மீத்தேனுக்கும் ஏறத்தாழ 23,000 டாலர் செலவாகிறது. நூறாண்டுக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கிறது என்ற அளவுகோலை வைத்து மாற்றினாலும், ஒரு டன் கரியமில வாயுவுக்கு 800 டாலருக்கு மேல் ஆகிறது. காலநிலைக்காகச் செலவிட 20 கோடி டாலர் கையில் இருப்பவர் வாங்கக்கூடிய பொருள்களில் இதைவிட மலிவானவை எத்தனையோ உண்டு.

இந்தக் கணக்குக்கு ஒரு மறுப்பும் உண்டு; அதையும் சொல்ல வேண்டும். அரசின் கசிவு மதிப்பீடு, குழாய் வகைக்கு இவ்வளவு என்று வகுத்துவைத்த சராசரிகளின்மீது கட்டப்பட்டது. பாஸ்டனில் 2013இல் வெளியான ஆய்வொன்று, 785 மைல் சாலையில் 3,356 கசிவுகளை வரைபடத்தில் குறித்தது. அதே வட்டாரத்தில் காற்றில் அளந்து 2015இல் வெளியான மற்றோர் ஆய்வு, அங்கு வந்து சேரும் எரிவாயுவில் 2.7 விழுக்காடு அளவுக்குக் காற்றில் கலக்கிறது என்று மதிப்பிட்டது. அது அதுவரை நம்பப்பட்டதைவிட இரண்டு மூன்று மடங்கு. எனவே தடுக்கப்படும் மீத்தேன் அறிவித்ததைவிடக் கூடுதலாக இருக்கலாம். அப்படியே இருந்தாலும், உயிர் காக்கும் திட்டம் ஒன்றைக் காலநிலைத் திட்டமாக மேடையேற்றியதில் எனக்கு உடன்பாடில்லை. வார்ப்பிரும்புக் குழாயின் அபாயம் தெருவெங்கும் சமமாகப் பரவிக்கிடப்பதில்லை. சிறிய விட்டமும் முறிந்த வரலாறும் உள்ள குழாய், கனரக வண்டிகள் ஓடும் தெருவில், வீட்டுச் சுவருக்கு மிக அருகே கிடந்தால், அந்த ஒரு மைல் வயல்வெளியோரத்துப் பத்து மைலைவிட அபாயமானது. எந்த மைலை முதலில் மாற்றினார்கள் என்பதே இங்கு கேட்க வேண்டிய கேள்வி. மானியத்துக்கு விண்ணப்பிக்கையில் அபாய நிலையைக் கேட்கும் பிம்சா, மானியம் செலவான பிறகு பொதுமக்களுக்குச் சொல்லும் கணக்கில் அந்தக் கேள்விக்கு இடமளிக்கவில்லை. எங்கள் ஊர் மன்றக் கூட்டத்தில் தெருக்களின் அபாய வரிசையைக் காட்டும்படி கேட்டேன். மாற்றிய மைல்களின் எண்ணிக்கையைத் தந்தார்கள்.

பிரிட்டனில் இதே வேலையை வேறு விதமாகச் செய்கிறார்கள். 1999 டிசம்பரில் ஸ்காட்லாந்தின் லார்க்ஹால் ஊரில் இரும்புக் குழாய்க் கசிவினால் வீடு வெடித்து ஒரே குடும்பத்தின் நால்வர் இறந்தார்கள். அதற்காக, அந்தக் குழாயை நடத்திய டிரான்ஸ்கோ நிறுவனத்துக்கு 2005இல் நீதிமன்றம் 1.5 கோடி பவுண்டு அபராதம் விதித்தது. அக்காலத்தில், 2002இல், கட்டடங்களிலிருந்து 30 மீட்டருக்குள் இருக்கும் இரும்புக் குழாய்களை 30 ஆண்டுகளுக்குள் மாற்றி முடிக்க வேண்டும் என்று பாதுகாப்பு ஆணையம் வரையறுத்தது. அங்கே அரசு மானியம் இல்லை. ஒழுங்காற்று அமைப்பான ஆஃப்ஜெம் அனுமதிக்கும் கட்டணத்தில், எல்லா வாடிக்கையாளர்களும் செலவைப் பகிர்கிறார்கள். ஏழைக்கும் செல்வருக்கும் ஒரே சுமை என்பது அதன் குறை. ஆனால் 30 மீட்டர் என்ற எளிய அளவுகோலும் 2032 என்ற முடிவாண்டும் அத்திட்டத்துக்குக் கொடுத்த ஒழுங்கு, ஐந்தாண்டு மானியத்தை ஆண்டுதோறும் விண்ணப்பமாகப் பிரித்துக் கொடுக்கும் அமெரிக்க முறையில் இல்லை. குழாய் மாற்றுவது பயிற்சி பெற்ற கைகளை நம்பிய தொழில். இந்த ஆண்டு பணம் உண்டு, அடுத்த ஆண்டு தெரியாது என்ற நிலையில் எந்த ஒப்பந்ததாரரும் புதியவர்களைச் சேர்த்துப் பயிற்றுவிக்க மாட்டார்.

அந்தப் பயிற்சி ஏன் முக்கியம் என்பதற்கு இரண்டு நிகழ்வுகளைச் சொன்னால் போதும். 2018 செப்டம்பர் 13 அன்று மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மெரிமாக் பள்ளத்தாக்கில் நடந்தது, இந்த மதிப்புரையில் பேசப்படும் அதே வேலை: பழைய வார்ப்பிரும்புக் குழாயை நீக்கிவிட்டு பிளாஸ்டிக் குழாயை இணைத்துக்கொண்டிருந்தார்கள். தெருக்குழாயின் அழுத்தத்தை உணர்ந்து ரெகுலேட்டருக்குச் சொல்லும் நுண்குழாய்கள் பழைய குழாயிலேயே விடப்பட்டிருந்தன. அவற்றைப் புதியதற்கு மாற்ற வேண்டும் என்பது பணித்திட்டத்தில் எழுதப்படவே இல்லை. பழைய குழாயின் இணைப்பைத் துண்டித்ததும் அதில் அழுத்தம் சரிந்தது. ரெகுலேட்டர்கள் ஊருக்கே வாயு போதவில்லை என்று கருதி முழுதாகத் திறந்துகொண்டன. உயரழுத்த வாயு வீடுகளின் அடுப்புகளுக்குள் பாய்ந்து, லாரன்ஸ், ஆன்டோவர், வடக்கு ஆன்டோவர் ஆகிய மூன்று ஊர்களில் 131 கட்டடங்களைச் சேதப்படுத்தியது. ஓர் இளைஞர் இறந்தார். இருபதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். அங்கே எரிவாயு வழங்கிய கொலம்பியா கேஸ் நிறுவனம் 2020இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 5.3 கோடி டாலர் அபராதம் செலுத்தியது. மற்றொன்று, 2014 மார்ச்சில் நியூ யார்க்கின் கிழக்கு ஹார்லெமில் எட்டுப் பேரைப் பலிகொண்ட வெடிப்பு. அத்தெருவில் 1887ஆம் ஆண்டு வார்ப்பிரும்புக் குழாய் இருந்தது என்பதால் எல்லோருடைய கண்ணும் அதன்மீது விழுந்தது. ஆனால் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கண்ட காரணங்களுள் முதன்மையானது, 2011இல் பொருத்திய பிளாஸ்டிக் குழாயில் சரியாக உருகி ஒட்டாத ஒரு மூட்டு. மானியத்தின் அறிவிப்புகளில் குழாயின் நீளமும் வேலைவாய்ப்பும் பேசப்படும் அளவுக்கு, அந்த மூட்டை யார் சோதிக்கிறார், எத்தனை பேர் மேற்பார்க்கிறார் என்பது பேசப்படுவதில்லை. நான் பார்த்த பணியாளர்கள் ஒவ்வொரு மூட்டையும் ஒட்டிய பின் ஆறுவதற்குக் காத்திருந்து, காற்றேற்றிச் சோதித்த பிறகே மண்ணை மூடினார்கள் என்பதை அவர்களுடைய நேர்மைக்காகக் குறிப்பிட வேண்டும்.

இன்னொரு எதிர்ப்பும் உண்டு. என் வீட்டிலேயே அது எழுந்தது. இன்னும் சில பத்தாண்டுகளில் அடுப்பும் உலையும் மின்சாரத்துக்கு மாறப்போகையில், அரை நூற்றாண்டு உழைக்கும் புதுக் குழாயை இப்போது ஏன் புதைக்க வேண்டும் என்று கல்லூரியில் படிக்கும் என் மகள் கேட்டாள். நியாயமான கேள்வி. 2023 டிசம்பரில் மாசசூசெட்ஸ் ஒழுங்காற்றுத் துறை, குழாயில் புதிதாக முதலிடுமுன் மாற்றுவழிகளை ஆராய வேண்டும் என்று எரிவாயு நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. 2024இல் அம்மாநிலத்தின் ஃபிரேமிங்ஹாம் நகரில், எவர்சோர்ஸ் என்ற எரிவாயு நிறுவனமே, ஒரு குடியிருப்புக்கு நிலத்தடி வெப்பத்தைக் குழாய்வழியே பகிரும் அமைப்பை இயக்கத் தொடங்கியது. இந்த மானியச் சட்டமோ இயற்கை எரிவாயுக் குழாயைப் பழுதுபார்க்க, புதுப்பிக்க, மாற்ற என்ற எல்லைக்குள் நிற்கிறது. முட்டுச்சந்தில் உள்ள ஆறு வீடுகளுக்கு மின் வெப்ப இயந்திரம் வாங்கிக் கொடுத்து, அங்கே போகும் பழைய குழாயை ஒரேயடியாக மூடிவிடுவது மலிவாக இருந்தாலும் அதற்கு இதில் பணம் தர முடியாது. இது திருத்தப்பட வேண்டிய குறை என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் 1928ஆம் ஆண்டுக் குழாய் முறிவதற்கு முன் எல்லா வீடுகளும் மாறிமுடியும் என்று எவரும் உறுதிகூற முடியாதபோது, இப்போது அதன் மேலே உறங்குபவர்களைக் காத்திருக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஐந்தாண்டு ஒதுக்கீடு 2026 நிதியாண்டோடு முடிகிறது. நாடாளுமன்றம் இதை நீட்டிக்குமானால், தகுதி விதிகளை அப்படியே வைத்துக்கொண்டு மூன்றை மட்டும் மாற்றினால் போதும் என்பேன். விண்ணப்பத்தை ஆண்டுக்கு ஆண்டு கேட்காமல், ஓர் ஊருக்கு ஐந்தாண்டுத் திட்டமாக ஒருமுறை ஒப்புதல் தர வேண்டும். சிற்றூர்களுக்குப் படிவம் எழுத பிம்சாவே ஆள் அனுப்பலாம். மாற்றிய ஒவ்வொரு பகுதிக்கும், மாற்றுமுன் அபாய வரிசையில் அதற்கிருந்த இடத்தையும் கடந்த ஐந்தாண்டுகளில் அதில் கண்ட கசிவுகளையும் ஊர் மன்றத்தில் வைப்பதை மானியத்தின் நிபந்தனையாக்க வேண்டும். சாலையை நிரந்தரமாகச் செப்பனிடும் செலவையும் அதற்கான கெடுவையும் அதே ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். எங்கள் தெருவின் நிரந்தரத் தார் மே மாதத்தில்தான் வந்தது.